எல்லோருக்கும் திறக்கும் மென்பொருள்: அணுகல்தன்மை பற்றி ஓர் அறிமுகம்

மருத்துவரைச் சந்திக்க நேரம் பதிவு செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மருத்துவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; நாட்காட்டியில் ஒரு தேதியையும் நேரத்தையும் தொட வேண்டும்; பெயரையும் தொலைபேசி எண்ணையும் நிரப்பி உறுதிசெய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பார்வையற்ற ஒருவர் இதைத் திறக்கிறார். அவரது கைபேசி, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்கிறது: "பொத்தான்... பொத்தான்... படம்... பொத்தான்." எது மருத்துவர் பட்டியல், எது பின்செல்லும் அம்பு என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. கை நடுங்கும் முதியவர் ஒருவர் 17ஆம் தேதியைத் தொட நினைக்கிறார். கட்டங்கள் மிகச் சிறியவை என்பதால் 24 தேர்வாகிவிடுகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஒருவருக்குக் காலியான நேரமும் நிரம்பிய நேரமும் ஒன்றுபோலவே தெரிகின்றன. காது கேளாத ஒருவர் எல்லாவற்றையும் நிரப்பி முடித்துவிடுகிறார். "உறுதிப்படுத்தும் எண் தொலைபேசி அழைப்பில் சொல்லப்படும்" என்கிறது கடைசித் திரை.

நான்கு பேருக்கும் வேலை நடக்கவில்லை. அவர்களது கண்ணையோ கையையோ காதையோ காரணம் காட்டுவது எளிது. ஆனால் பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் விட்டது, கட்டத்தைச் சிறிதாக வரைந்தது, நிறத்தை மட்டும் நம்பியது, தொலைபேசி அழைப்பைத் தவிர வேறு வழி தராதது எல்லாம் அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் எடுத்த முடிவுகள். மனிதர் எடுத்த முடிவுகள் என்பதால் மனிதரால் மாற்றவும் முடியும். மாற்றுத்திறனாளிகள் உட்பட எவரும் ஒரு மென்பொருளைப் புரிந்துகொண்டு, இயக்கி, தம் வேலையைத் தாமே முடித்துக்கொள்ளும்படி அதை உருவாக்குவதைத்தான் அணுகல்தன்மை என்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்வோர் சுமார் 130 கோடி பேர். உலக மக்களில் ஆறில் ஒருவர். கை முறிந்து கட்டுப் போட்டிருப்பவர், கண் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருப்பவர், கொளுத்தும் வெயிலில் கைபேசியைப் பார்ப்பவர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தட்டச்சு செய்பவர் ஆகியோரும் அந்தந்த நேரத்தில் இதே தடைகளைச் சந்திக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பிறந்தவை பிறகு எல்லோருக்கும் பயன்பட்ட வரலாறும் நீளமானது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் 1976இல் பார்வையற்றோருக்காக வெளியிட்ட வாசிப்பு இயந்திரம், அச்சிட்ட எழுத்தை அடையாளம் கண்டு குரலில் படித்தது. அதே வேலையை இன்று எல்லோருடைய கைபேசிக் கேமராவும் செய்கிறது.

ஆனாலும் "இது எல்லோருக்கும் பயன்படும்" என்பதை மட்டுமே சொல்லி அணுகல்தன்மைக்கு ஆதரவு தேடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படிச் சொல்லத் தொடங்கினால், எல்லோருக்கும் பயன்படாத ஒரு வசதியைக் கைவிடுவதற்கு அதுவே சாக்காகிவிடும். நம் செயலியால் ஒரே ஒருவர் மருத்துவரைப் பார்க்க முடியாமல் போனாலும் அது சரிசெய்ய வேண்டிய பிழைதான்.

திரைவாசிப்பானுக்கு என்ன தெரியும்?

புதிதாகக் கற்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பகுதியைத்தான். இது பிடிபட்டுவிட்டால் மற்ற விதிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

பார்வையற்றோர் கணினியையும் கைபேசியையும் ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான் மூலம் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸில் ஜாஸ் பல ஆண்டுகளாக இருக்கிறது; 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. ஐபோனில் 2009 முதல் வாய்ஸ்ஓவர் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக் இருக்கிறது. பெயரைக் கேட்டதும், கேமராவைப் போலத் திரையைப் பார்த்து அது படிக்கிறது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அடிப்படையில் அது பார்ப்பது வேறொன்றை.

ஓர் இணையப் பக்கத்தை உலாவி திறக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் வடிவத்தோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டியலையும் உருவாக்குகிறது. அணுகல்தன்மை மரம் என்று அதற்குப் பெயர். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு உறுப்பின் பெயர் என்ன, அது என்ன வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்று செய்திகள் அதில் இருக்கும். திரைவாசிப்பான் அந்த மரத்திலிருந்து எடுத்துத்தான் "நினைவூட்டல் அனுப்பு, தேர்வுப்பெட்டி, தேர்வு செய்யப்படவில்லை" என்று சொல்கிறது. பெயர், வகை, நிலை மூன்றும் வந்துவிட்டன. கேட்பவருக்கு இது போதும்.

இப்போது நம் செயலிக்கு வருவோம். "உறுதிசெய்" என்ற பொத்தானை நிரலாளர் இரண்டு வகையில் எழுதலாம். இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் மொழியில் பொத்தானுக்கென்றே இருக்கும் உறுப்பைப் பயன்படுத்தலாம். அல்லது வெறும் பெட்டி ஒன்றை எடுத்து, நீல நிறம் பூசி, மூலைகளை வளைத்து, கிளிக் செய்தால் இயங்கும்படி ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் இணைக்கலாம். திரையில் இரண்டுக்கும் இம்மியளவும் வேறுபாடு தெரியாது. அணுகல்தன்மை மரத்திலோ, முதலாவது பொத்தானாகவும் இரண்டாவது வெறும் எழுத்தாகவும் நிற்கும். விசைப்பலகையின் டேப் விசையை அழுத்தினால் முதலாவதைச் சென்றடையலாம். என்டர் விசையும் ஸ்பேஸ் விசையும் அதை இயக்கும். இரண்டாவதைச் சென்றடையவே முடியாது. மவுஸைப் பிடிக்க இயலாமல் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்தப் பொத்தான் இல்லாததற்குச் சமம்.

உலாவியை உருவாக்கியவர்கள் பல ஆண்டுகள் உழைத்துச் செய்து வைத்திருப்பதை இலவசமாக எடுத்துக்கொள்ளாமல், நாமே பெட்டியிலிருந்து பொத்தான் செய்யத் தொடங்குகிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இது. தலைப்புக்குத் தலைப்பு உறுப்பு, பட்டியலுக்குப் பட்டியல் உறுப்பு, இணைப்புக்கு இணைப்பு உறுப்பு என்று எழுதினாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் நீண்ட பக்கத்தை வரிவரியாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவித்தான் தேடுகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்கு மட்டும் தலைப்பாகிவிடும். நிரலில் தலைப்பாக எழுதாவிட்டால் அந்தத் தாவலுக்கு இடமே இல்லை.

படிவத்தின் பெட்டிகளும் அப்படித்தான். "தொலைபேசி எண்" என்ற சொல் பெட்டிக்கு மேலே தெரிவதால் மட்டும் இரண்டுக்கும் உறவு வந்துவிடாது. லேபிள் என்ற உறுப்பால் அவற்றை இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் "தட்டச்சுப் பெட்டி" என்று மட்டும் குரல் சொல்லும். எதைத் தட்டச்சு செய்வது?

எச்டிஎம்எல்லில் நேரடியாக இல்லாத உறுப்புகளும் உண்டு. கிளை விரியும் பட்டியல் ஓர் உதாரணம். அவற்றுக்காக அரியா எனப்படும் கூடுதல் குறிப்புகள் இருக்கின்றன. பெயர், வகை, நிலை மூன்றையும் நாமே எழுதித்தர அவை உதவும். ஆனால் அவை திரைவாசிப்பானிடம் ஒரு வாக்குறுதி மட்டுமே தருகின்றன, நடத்தையைத் தருவதில்லை. "இது பொத்தான்" என்று எழுதிவிட்டு என்டர் விசைக்கு இயங்க வைக்காவிட்டால், பயன்படுத்துபவரிடம் பொய் சொன்னதாகிவிடும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் அரியா பக்கம் போவதைக் கூடியவரை தள்ளிப்போடுவது நல்லது.

வரையும்போதே தீர்மானமாகிவிடுபவை

நிரலாளர் கைக்கு வருவதற்கு முன்பே பல தடைகள் வடிவமைப்பாளரின் பலகையில் பிறந்துவிடுகின்றன. அவற்றில் முதலிடம் மங்கலான எழுத்துக்கு. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றலாம்; பார்வை மங்கியவருக்கு அது வெற்றுத் தாள். இதை ரசனைச் சண்டையாக்க வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். வெள்ளையில் கறுப்பு எழுத்தின் நிற வேறுபாட்டு விகிதம் 21:1. சாதாரண அளவுள்ள எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நெறி. #999999 என்ற சாம்பல் நிறம் வெள்ளையில் 2.85:1தான் தரும். #777777 மயிரிழையில் தவறும், #767676 தேறிவிடும். நிறத்தேர்வை முதல் வாரத்திலேயே சரிபார்த்து வைத்துக்கொண்டால் பிறகு நூறு திரைகளைத் திருத்த வேண்டியிருக்காது.

நிறத்தை மட்டும் வைத்துச் செய்தி சொல்லக் கூடாது. சிவப்பு, பச்சைப் பாகுபாட்டில் சிக்கல் உள்ளவர்கள், வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவர். மற்ற மக்களிடையே விகிதம் மாறினாலும் எங்கும் இருக்கிறார்கள். நம் நாட்காட்டியில் நிரம்பிய நேரத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, "நிரம்பியது" என்ற சொல்லையும் சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது. நிறம் அப்படியே இருக்கட்டும்.

தொடும் இடத்தின் அளவும் இங்கேயே தீர்மானமாகிறது. குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்று நெறி சொல்கிறது. விரலால் தொடும் திரையில் அதையே இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். அதே நெறியின் உயர்நிலை 44க்கு 44 கேட்கிறது, அதுதான் கைக்கு இதம்.

அடுத்தது ஃபோகஸ். டேப் விசையை அழுத்திச் செல்லும்போது இப்போது எந்த உறுப்பில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை, அழகைக் கெடுக்கிறது என்று சொல்லி, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் வரி ஒன்றால் அழித்துவிடுவது நெடுநாள் வழக்கம். மவுஸ் அம்பையே மறைத்துவிட்டு வேலை செய்யச் சொன்னால் நாம் எவ்வளவு தடுமாறுவோமோ, விசைப்பலகையை நம்பியவருக்கும் அவ்வளவு தடுமாற்றம். கோட்டின் நிறத்தையும் தடிமனையும் மாற்றிக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். ஒரு சிறு சாளரம் மேலே திறந்தால் ஃபோகஸ் அதற்குள் செல்ல வேண்டும், மூடினால் புறப்பட்ட பொத்தானுக்கே திரும்ப வேண்டும். இதை வரைபடத்தில் யாரும் எழுதி வைக்காததால்தான் நிரலாளர் ஊகித்துச் செய்ய நேர்கிறது.

பிழைச் செய்திகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு படிவத்தில் மனிதர்கள் கைவிட்டுப் போகும் இடம் பெரும்பாலும் அதுதான். எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் பெட்டியின் ஓரம் சிவப்பாகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. பார்க்க இயலாதவருக்கு எதுவுமே நடக்கவில்லை. "தொலைபேசி எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும், 9 உள்ளன" என்று எழுத்தில் சொல்லி, அந்தச் செய்தியைப் பெட்டியோடு நிரலில் இணைத்து, ஃபோகஸை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே நிரப்பியதை அழித்துவிடக் கூடாது. நினைவாற்றலிலோ கவனத்திலோ சிரமம் உள்ளவருக்கு மீண்டும் முதலிலிருந்து நிரப்புவது மலையேற்றம். "நேரம் முடிந்தது" என்று வெளியே தள்ளும் காலக்கெடுவுக்கும் இதே குணம் உண்டு. கூடுதல் நேரம் கேட்க ஒரு வழி இருக்க வேண்டும். கடவுச்சொல் பெட்டியில் நகலெடுத்து ஒட்டும் வசதியைத் தடுப்பதும் பாதுகாப்பை வளர்ப்பதில்லை, நினைவாற்றலைச் சோதிக்கத்தான் செய்கிறது.

அசைவு பற்றி ஓர் எச்சரிக்கை. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான கார்ட்டூன் ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னின. 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்ற விதியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வலிப்பு இல்லாதவர்களிலும், சுழன்று நகரும் திரைகளால் தலைசுற்றுபவர்கள் உண்டு. "அசைவைக் குறை" என்று கைபேசியில் அவர்கள் அமைத்து வைத்திருப்பதை நம் மென்பொருள் கேட்டு நடக்க வேண்டும்.

எழுத்தும் படமும்

படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும் மாற்று உரையை எழுதுவது சிறு வேலை, ஆனால் யோசிக்க வேண்டிய வேலை. படம் அந்த இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தேடல் பொத்தானில் உள்ள பூதக்கண்ணாடிக்கு "தேடு" என்பதே சரியான உரை. "பூதக்கண்ணாடியின் படம்" அன்று. அழகுக்காக வைத்த கோலத்துக்கு மாற்று உரையை வெற்றாக விட்டால் திரைவாசிப்பான் அதைக் கடந்துபோகும். மாற்று உரைக்கான குறிப்பையே நிரலில் எழுதாமல் விட்டால் நிலைமை வேறு: கோப்பின் பெயரை எழுத்தும் எண்ணுமாக அது ஒப்பிக்கத் தொடங்கிவிடலாம். காணொளிக்கு எழுத்தில் வசனமும், ஒலிப்பதிவுக்கு எழுத்து வடிவமும் வேண்டும்.

தமிழில் வெளியிடுவோர் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன் வந்த பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கும். "அம்மா" என்று கண்ணுக்குத் தெரிவது கோப்புக்குள் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்றுதான் இருக்கிறது. திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். அப்படித் தயாரான பிடிஎஃப் ஆவணங்களை இன்றும் வெளியிடுவது, பார்வையற்ற வாசகரிடம் உறையிட்டு ஒட்டிய புத்தகத்தைக் கொடுப்பதற்கு ஒப்பு. யூனிகோடில் எழுதினால் மட்டும் போதாது. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று தோற்கும் வாய்ப்பு அதிகம். பொத்தானின் அளவை ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்து இறுக்கி வைத்தால், தமிழ்ச் சொல் நீண்டு வெட்டுப்படும். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கிப் படிப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். பெட்டி உள்ளடக்கத்துக்கேற்ப வளரட்டும்.

நெறிகளும் சட்டமும்

நான் மேலே குறிப்பிட்ட அளவுகள் எல்லாம் டபிள்யூசிஏஜி என்ற வழிகாட்டு நெறியிலிருந்து வந்தவை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதன் முதல் பதிப்பை 1999இல் வெளியிட்டது, 2.0 பதிப்பு 2008இல் வந்தது, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், பலவகைக் கருவிகளோடும் ஒத்துழைக்க வேண்டும் என்ற நான்கு அடிப்படைகளின் கீழ் விதிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்று நிலைகளில் நடுவில் உள்ள ஏஏ நிலையைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் இலக்காகக் கொள்கின்றன. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகல் உரிமைக்குள் வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும்

வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் கருவியே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் இருந்தன. மங்கலான எழுத்து, மாற்று உரை இல்லாத படம், லேபிள் இல்லாத பெட்டி, பெயரில்லா இணைப்பு, பெயரில்லா பொத்தான், மொழி குறிக்காத பக்கம். பிழைகளில் மிகப் பெரும்பகுதி இந்த ஆறு வகைகளுக்குள் அடங்கிவிடுகிறது. எதுவுமே கடினமான பொறியியல் இல்லை. இவற்றைக் கவனிப்பது யாருடைய வேலை என்று தீர்மானிக்கப்படாததுதான் காரணம் என்பது என் கருத்து.

பல குழுக்களில் அணுகல்தன்மை கடைசி வாரச் சோதனையாக வருகிறது. அப்போது நூறு பிழைகள் பட்டியலாகும். வெளியீட்டுத் தேதி நெருங்கியிருக்கும். "அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்று ஒத்திவைக்கப்படும். அடுத்த பதிப்பிலும் அதே கதை. இதை மாற்ற, தேவையை எழுதும்போதே "விசைப்பலகையால் மட்டும் நேரம் பதிவு செய்ய முடிய வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வடிவமைப்பாளர் தம் வரைபடத்தில் தலைப்புகளையும் டேப் வரிசையையும் குறித்துத் தர வேண்டும். நிரலாளர் பொத்தானையும் நாட்காட்டியையும் ஒருமுறை சரியாகச் செய்து பொதுக் கூறுகளாக வைத்தால், அவற்றை எடுத்தாளும் எல்லாத் திரைகளும் சரியாகவே பிறக்கும். ஆக்ஸ் போன்ற தானியங்கிக் கருவியை நிரல் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஓடும்படி இணைத்துவிடலாம்.

கருவிகளுக்கு எல்லை உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மாற்று உரை இருக்கிறதா என்று கருவி சொல்லும். அது அர்த்தமுள்ளதா என்று சொல்லாது. ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் இணையதளம் முழுவதும் சரியாகிவிடும் என்று விற்கப்படும் மேற்பூச்சுக் கருவிகளை நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்ற உத்தரவை அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது.

நாம் கண்ணை மூடிக்கொண்டு டாக்பேக்கை இயக்கிப் பார்ப்பது கற்றுக்கொள்ள உதவும். ஆனால் அதையே வாழ்க்கையாகக் கொண்டவரின் வேகமும் உத்தியும் நமக்கு வராது. மாற்றுத்திறனாளிகளைச் சோதனையில் சேர்ப்பதும், அந்த உழைப்புக்கு முறையாக ஊதியம் தருவதும் அவசியம். அவர்கள் வடிவமைப்பாளராகவும் நிரலாளராகவும் குழுவிலேயே இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே இயங்கும் மென்பொருளை வைத்திருப்பவர்கள் எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டாம். மக்கள் அதில் அதிகம் செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது நேரம் பதிவு செய்வது. மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு டேப், ஸ்பேஸ், என்டர், அம்பு விசைகளால் மட்டும் அதை முதலிலிருந்து கடைசி வரை முடித்துப் பாருங்கள். எங்கே நின்றுவிடுகிறீர்களோ அங்கே முதல் திருத்தம். அது முடிந்ததும் திரைவாசிப்பானை இயக்கி அதே வழியில் மறுபடியும் செல்லுங்கள்.